ரெண்டு விரல் லூஸ்

என் அண்ணியை அவர் வேலை செய்யும் தையற்கூடத்தில் எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்தத் தொழிலில் அதுதான் பெயர். அதுவரை அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். அண்ணி அந்த இடத்துக்கு வந்தபோது முதலாளி கொஞ்சம் தயங்கி 'மாஸ்டரம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தாராம். அண்ணி தலையைத் தூக்கவே இல்லை. மூன்றாம் நாள் அந்த 'அம்மா' தானாக உதிர்ந்துவிட்டது.

பள்ளிச் சீருடை தைக்கும் இடம் அது. பன்னிரண்டு தையல் மிஷின்கள், ஒரே ஒரு வெட்டும் மேசை. பதினெட்டு அடி நீள மேசையில் நாற்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே காகிதத்தில் வரைந்த அளவை வைத்து, மின்சாரக் கத்தியை உள்ளே விட்டால் ஒரே ஓட்டத்தில் நாற்பது சட்டைகளின் முன்பக்கம் வெட்டுப்பட்டு வரும். கத்தி கால் இஞ்ச் பிசகினால் நாற்பதும் பிசகும். தைப்பவர் தப்புச் செய்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுபவர் தப்புச் செய்தால் அந்தத் துணி அடுப்படி துடைக்கத்தான் ஆகும். அண்ணி வெட்டி அடுப்படிக்குப் போன துணி என்று எங்கள் வீட்டில் ஒரு கைக்குட்டை அளவுகூடக் கிடையாது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த வேலையை உட்கார்ந்து செய்ய முடியாது. காலை முதல் மாலை வரை நிற்க வேண்டும். அண்ணி பத்து வருஷம் நின்றார். முதல் பெண் வயிற்றில் இருந்தபோதும் எட்டாம் மாதம் வரை நின்றார். அவள் ஒரு சிக்கலும் இல்லாமல், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து பிறந்தாள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது அடுத்தது உண்டானது. சேதி தெரிந்த அன்றே அவளை வீட்டில் 'பெரியவ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் குழந்தை ஐந்தாம் மாதம் தங்கவில்லை. மதியம் மேசையருகே நின்றிருந்த அண்ணிக்கு இடுப்பில் ஒரு கனம் இறங்கியது போல இருந்ததாம், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சின்னவர் யாரும் இல்லாமலே பெரியவளாக அவள் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்து என் அம்மா ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறாள். "நாள் முழுக்க நின்னா எந்த வயிறுதான் தாங்கும்?"

அம்மா கொடுமைக்காரி இல்லை. அன்று காலை வரை அழுதுகொண்டிருந்தவள்தான். துக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. அண்ணி செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு இருவரும் சண்டை போட்டதில்லை. ஒரே அடுப்படியில் மாறி மாறிச் சமைத்தார்கள், ஒருத்திக்கு ஒருத்தி மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி வீட்டில் இருந்துகொண்டே இருந்தது. நான் எங்கெங்கோ இருந்து தொலைபேசியில் பேசும்போதுகூட அது குத்துவது எனக்குக் கேட்கும்.

அதற்குப் பின் அண்ணி பரிசோதனைக்குப் போன டாக்டர் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நின்றதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது, குழந்தையின் எடை ஏறும்போது அது நேரத்துக்கு முன்பே திறந்துகொள்கிறது, அவ்வளவுதான். அண்ணன் இதை உடனே அம்மாவிடம் சொல்லப் போனான். அண்ணி தடுத்துவிட்டார்.

"நீங்க சொன்னாலும் நான் சொன்னாலும் அது சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும். ஒரு புள்ளை வந்து சொல்லட்டும்."

இரண்டரை வருஷம் கழித்து மறுபடி உண்டானபோது, பதினாலாவது வாரத்தில் டாக்டர் அந்த வாயில் ஒரு தையல் போட்டார். போடுவதற்கு முன் அண்ணி அந்த டாக்டரைக் கேட்ட கேள்விகளை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். என்ன நூல், எத்தனை இடத்தில் ஊசி ஏறும், முடிச்சு எந்தப் பக்கம் வரும். டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, சுருக்குப்பையின் வாயை நாடா கோத்து இழுத்துக் கட்டுவது போல என்று விளக்கினாராம். அண்ணி அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வாங்கி, ஊசி உள்ளே போகும் இடங்களைச் சம இடைவெளியில் திருத்திக் கொடுத்தார்.

"இப்பிடிப் போட்டா இழுவை ஒரே சீரா இருக்கும், டாக்டர்."

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நானும் இப்பிடித்தான் போடுவேன். வரையத்தான் வராது" என்றாராம்.

தையலைப் பிரிப்பது முப்பத்தேழாவது வாரத்தில். போட்ட தையலில் பாரம் விழாதபடி அதுவரை எழுந்து நடமாடக் கூடாது, இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் அனுமதி. முப்பத்தேழு என்ற எண் அன்று எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி வந்து குடியேறியது.

நான் நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்த ஊருக்குப் போகும்முன் ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தது பதினாறாவது வாரத்தில். கட்டிலை வாசல் தெரியும்படி முன்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணி படுத்தபடியே என் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"வா ஊர்சுத்தி. இந்த வீட்ல ஒருத்தி அசையாம கிடக்கணும், இன்னொருத்தி நிக்காம ஓடணும். ரெண்டாவது வேலைக்கு ஆளைத் தேடிக்கிட்டிருந்தோம்."

ஒரு வாரம் ஐந்து மாதம் ஆனது.

படுத்துக் கிடப்பது சுகம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் முழுக்க இடப்பக்கமாகப் படுத்துப் பார்க்க வேண்டும். அண்ணிக்குத் தோள் மரத்துப்போகும், இடுப்பெலும்பு கட்டிலில் அழுந்திச் சிவந்துவிடும். மாத்திரையின் புரட்டலில் சாப்பிட்டதெல்லாம் திரும்பி வரும். கால்கள் கண்ணெதிரே மெலிந்தன. பத்து வருஷம் நின்று கெட்டிப்பட்டிருந்த கெண்டைக்கால் சதை தளர்ந்து தொங்கியதைப் பார்த்து அவரே ஒருநாள், "இது என் கால் இல்ல, யாரோ மாத்தி வெச்சிட்டாங்க" என்றார். புலம்பல் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

மற்ற நேரமெல்லாம் வேலை பார்த்தார். தையற்கூடத்தில் அவருக்குப் பதிலாக ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். அவருக்கு அண்ணி வைத்த பெயர் 'டெம்பரரி'. அந்த டெம்பரரி அறுபது காலரை உள்வெளி மாற்றி வெட்டிவிட்ட சேதி வந்த அன்று அண்ணி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதன்பின் முதலாளியே காகித அளவுகளைச் சுருட்டி வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். நான் அவற்றைச் சுவரில் ஒட்டுவேன். அண்ணி படுத்தபடியே, "அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இடுப்புப் பக்கம் தள்ளு, நடுவுல எவ்வளவு துணி வீணாப் போகுது பாரு" என்பார். நான் கத்தரித்து நகர்த்துவேன். அந்தப் பருவத்தில் நாலாயிரம் சட்டைகள் அந்தக் கட்டிலிலிருந்து வெட்டப்பட்டவை. போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

அங்கிருந்து சேதியும் சுருளும் கொண்டு வருபவர் காஜா அக்கா. சட்டையில் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா என்று பெயர். அந்த மிஷினில் உட்காருபவர் என்பதால் காஜா அக்கா. ஞாயிற்றுக்கிழமை தையற்கூடம் விடுமுறை, அன்று தவறாமல் வந்துவிடுவார். இருபத்து நாலாவது வாரத்தில் அண்ணி அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். வாரா வாரம் வயிற்றை அளக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில்தான் மாதம் ஒருமுறை அளக்கிறார்களே என்று நான் கேட்டேன்.

"அவங்க டேப்பு அவங்களுக்கு. என் புள்ளைய என் டேப்புலயும் ஒரு தடவை பாத்துக்கறேன்."

தொப்புளுக்கு நேராகச் சுற்றளவு. காஜா அக்கா அளந்து சொல்ல, அண்ணி கையை நீட்டிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் எழுதுவார். முப்பத்து மூன்று. முப்பத்து மூன்றரை. முப்பத்து நாலு. அம்மா அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்று கீழிருந்து மேலாகப் படிப்பாள். சுவரில் எண் ஏறுவதற்கு முன்பே, ஐந்தாம் மாதம் தாண்டிய வாரத்தில் ஒருநாள் அண்ணியின் கால்மாட்டில் உட்கார்ந்து, கேட்காமலே அரைமணி நேரம் கால் பிடித்துவிட்டாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

முப்பத்தைந்தாவது வாரம் சுவரில் முப்பத்தொன்பது ஏறியது. இன்னும் இரண்டரை வாரம்தான். அண்ணனுக்கு டவுன் பஸ்ஸில் டிரைவர் வேலை. பிரசவத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த விடுப்பை எந்தத் தேதியிலிருந்து போடுவது என்று நாட்காட்டியோடு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஜா அக்கா காலையில் வரவில்லை, வீட்டில் யாருக்கோ காய்ச்சல். அண்ணி என்னை அளக்கச் சொன்னார். டேப்பை முதுகுக்குக் கீழே நுழைத்து, தொப்புளுக்கு மேல் கொண்டு வந்து பார்த்தேன். முப்பத்தேழேமுக்கால்.

"ஒழுங்கா வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழேமுக்கால். டேப் முறுக்கியிருக்கிறதா என்று முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவினேன். முறுக்கவில்லை. மூன்றாவது தடவையும் அதேதான்.

அண்ணி என் கையிலிருந்து டேப்பை வாங்கி எண்ணைத் தானே பார்த்தார்.

"ஒரே வாரத்துல ஒண்ணேகால் இஞ்ச் குறையுமா? பனிக்குட நீர் கசிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாமலே கசிஞ்சிருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "கார் கூப்பிடு. அத்தைகிட்ட மெதுவா சொல்லு" என்றார்.

அத்தையிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பை, துணி, பிளாஸ்க், மருந்துச் சீட்டு எல்லாம் தயார். காரில் பின் சீட்டு முழுக்க அண்ணிக்கு. தலை என் மடியில், கால் அம்மா மடியில். ஒவ்வொரு மேட்டுக்கும் அம்மா டிரைவரின் முதுகைத் தட்டினாள்.

பிரசவப் பகுதியில் ஒரு சிஸ்டர் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து எத்தனையாவது என்று கேட்டார். அண்ணி, "மூணாவது வயிறு, ரெண்டாவது பிள்ளை" என்றார். சிஸ்டர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்.

நாங்கள் பார்க்கும் அதே டாக்டர், வீட்டிலிருந்து வந்து ஸ்கேன் எடுத்தார். நீர் சரியாக இருந்தது. குழந்தை சரியாக வளர்ந்திருந்தது. துடிப்பு சரியாக இருந்தது. எதற்கும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, அவற்றைக் காகிதச் சுருளில் கோடு போடும் ஒரு பெட்டியோடு இணைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கோடு குழந்தையின் துடிப்பு, இன்னொரு கோடு வயிற்றின் இறுக்கம்.

அண்ணிக்கு நிம்மதி வரவில்லை. குழந்தை சரி என்றால் ஒன்றேகால் இஞ்ச் எங்கே போனது? கணக்கு இடித்தால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த நேரத்தில் சேதி கேட்டுக் காஜா அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அண்ணி தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். பட்டைகளுக்குக் கீழே இடம் இருக்கிறது, நீ அள என்றார்.

காஜா அக்கா டேப்பைச் சுற்றிக் கொண்டு வந்து, "முப்பத்தொன்பதே கால், மாஸ்டர். வளந்துதானே இருக்கு?" என்றார்.

பன்னிரண்டு வாரமாகக் கூரையைப் பார்த்துப் படுத்தபடியே அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி அன்று முதல்முறையாகக் குனிந்து டேப்பைப் பார்த்தார்.

"விரலை எடு."

"எந்த விரலை?"

"உள்ள விட்டிருக்கியே, அந்த ரெண்டு விரலை."

காஜா அக்கா தன் கையைத் தானே பார்த்தார். டேப்புக்கும் வயிற்றுக்கும் நடுவே அவருடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தன. சட்டைக்கு மார்பளவு எடுக்கும்போது உடம்போடு ஒட்டி எடுத்தால் போட்டதும் பிடிக்கும். அதனால் உள்ளே இரண்டு விரல் விட்டு எடுப்பது தையல்காரர் வழக்கம்.

"நீங்கதானே மாஸ்டர் சொல்லிக் குடுத்தீங்க? யாரை அளந்தாலும் ரெண்டு விரல் லூஸ் விடுன்னு."

"அது சட்டைக்கு."

"எனக்குக் கை அதுவாப் போயிடுது. நான் என்ன பண்ண?"

"பன்னெண்டு வாரமா என் புள்ளைக்கு லூஸ் விட்டு அளந்திருக்கியே, நீ லூசா நான் லூசா?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு சிஸ்டர். அண்ணி சிரிக்கக் கூடாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க, பெட்டியில் இரண்டாவது கோடு மேடு மேடாக ஏறியது. சிஸ்டர் அதைப் பார்த்து, "மெஷினும் சிரிக்குது பாருங்க" என்றார்.

சிரிப்பு அடங்கியது. காஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோடு மறுபடி மேடாக ஏறி இறங்கியது.

சிஸ்டர் சுருளைக் கையில் எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தார். நாங்கள் சிரிப்பதற்கு முன்பும் மேடுகள் இருந்தன. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று.

"வலி இருக்கா?"

"முதுகுதான். படுத்துப் படுத்து நாலு நாளா இருக்கு."

அது முதுகுவலி இல்லை. டாக்டர் வந்து பரிசோதித்து, கர்ப்பப்பை இறுகத் தொடங்கிவிட்டது, தையலில் இழுவை விழுகிறது, ஓரத்தில் லேசாக ரத்தமும் இருக்கிறது என்றார். எங்களுக்குக் கொடுத்திருந்த தேதி அடுத்த வாரப் புதன்கிழமை. அதுவரை வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பிக்கும்போதே அண்ணி முடித்துவிட்டார்.

"நாடா அறுந்துபோகாது. துணிதான் கிழியும்."

"ஆமா. இன்னைக்கே பிரிச்சுடணும். பிரிச்சா குழந்தை வந்துடும்."

"முப்பத்தேழு ஆகலையே. பத்து நாள் கம்மியா இருக்கு."

அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அத்தனை மாதத்தில் அண்ணி அழுததை நான் பார்த்தது அப்போதுதான். வலிக்காகவும் இல்லை, பயத்துக்காகவும் இல்லை. சொன்ன அளவுக்குக் குறைவாக வாழ்க்கையில் அவர் எதையும் கொடுத்ததில்லை. கொடுக்கப் போகிற முதல் குறை தன் குழந்தையாக இருக்கிறதே என்ற துக்கம் அது. டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பத்தொன்பது வாரத்துல போனதை இந்தத் தடவை முப்பத்தஞ்சரை வரைக்கும் கொண்டு வந்திருக்கீங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

இதற்கிடையில் அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டும்போது தொலைபேசி எடுக்க மாட்டான். அவன் தடம் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும் என்பதால் அம்மா பிளாஸ்க்கோடு சாலையோரம் போய் நின்றாள். பஸ் வந்தது. அம்மா கையைக் காட்டினாள். அண்ணன் நிறுத்திக் கதவைத் திறந்து, "ஏறும்மா, ஏறு, கூட்டமா இருக்கு" என்றானாம்.

"ஏற வரலடா. உன்னை இறக்க வந்தேன்."

பஸ்ஸில் நாற்பது பேர். நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்க முடியுமா? விஷயம் தெரிந்ததும் அந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தானே ஓட்டுவதாகக்கூடச் சொன்னார். கடைசியில் யாரும் தன் நிறுத்தத்தில் மெதுவாக இறங்காமல், குதித்துக் குதித்து இறங்கி, அவனைச் சீக்கிரமாகப் பணிமனைக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவன் திரும்பி வருவதற்குள் உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். துணைக்கு ஒருவர் என்றார்கள், நான் போனேன். எத்தனையோ ஊர் பார்த்தவள், ஆனால் அப்படி ஒரு அறையைப் பார்த்ததில்லை. அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். பார்வை முழுக்க டாக்டர் மேல்.

"டாக்டர், உங்க கோட்டுல வலது ஷோல்டர் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. ரொம்ப நாளா சொல்லணும்னு."

"இப்பவா சொல்றீங்க?"

"இப்பதானே நேரா நிக்கறீங்க."

தையலைப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிரச் சத்தம் இல்லை. டாக்டர் இடுக்கியால் அதை வெளியே எடுத்துத் தட்டில் போடப் போனார். காட்டுங்கள் என்றார் அண்ணி. வெள்ளை நாடா, ஒரு விரல் நீளத்தில் பாதி, நடுவில் முடிச்சு. இருபத்தொரு வாரத்துக்கு மேல் ஒரு உயிரின் எடையைத் தாங்கியது. அண்ணி கண்ணைச் சுருக்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நல்ல கை, டாக்டர். முடிச்சு ஒரு நூல்கூட நகரல."

முகமூடிக்கு மேல் டாக்டரின் கண் சிரித்தது. பெரிய பட்டம் வாங்கியவர்தான், இந்தப் பட்டம் அவருக்குப் புதிது.

அதற்குப் பிறகு பேச்சுக்கு இடம் இருக்கவில்லை. நாலு மணி நேரம். ஐந்து மாதம் அசையாமல் கிடந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே மிச்சம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தொடைகள் நடுங்கின. நான் ஒரு காலைப் பிடித்திருந்தேன், சிஸ்டர் ஒரு காலை. என் விரல் எலும்பு நொறுங்கும் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள் என்றார். அண்ணி நிறுத்தினார். சொன்ன இடத்தில் கத்தியை நிறுத்திப் பழகியவர், உடம்பையும் அப்படியே நிறுத்தினார். பிறகு டாக்டர், "இப்போ" என்றார்.

பெண். அழுவதற்கு முன் ஒரு நீண்ட இடைவெளி இருந்தது. அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் கதவு கிறீச்சிடுவது போல ஒரு மெல்லிய சத்தம், அதன் பின்னால் முழு அழுகை. இரண்டு கிலோ இருநூறு. மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்ததால் அண்ணியின் நெஞ்சில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டுச் சிசு அறைக்குத் தூக்கிப் போனார்கள்.

வெளியே அண்ணன் காக்கிச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். பெரியவளை அண்டை வீட்டுக்காரர்கள் கொண்டு வந்து விட்டிருந்தார்கள். தங்கச்சி என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, "அப்ப அவ பேரு சின்னவளா?" என்று கேட்டாள். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு முகத்தை அவள் முதுகில் புதைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் சின்னவள் மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். யாரும் நிம்மதியாக இல்லை. அண்ணி கட்டிலில் படுத்தபடியே பாலைப் பிழிந்து பிழிந்து கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் காலை சிஸ்டர் வந்து, மூச்சு சீராகிவிட்டது, குழாயை எடுத்துவிட்டோம், அம்மா வந்து பார்க்கலாம், சக்கர நாற்காலி கொண்டு வருகிறேன் என்றார்.

அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். காலைக் கீழே வைத்தார். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அண்ணனும் கையை நீட்டினோம், இரண்டையும் தொடவில்லை. கட்டிலைப் பிடித்தார், சுவரைப் பிடித்தார், பிறகு எதையும் பிடிக்கவில்லை. சிசு அறை வரை நீண்ட நடைவழி. எங்கள் அம்மா பின்னாலேயே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், எந்த இடத்தில் விழுந்தாலும் போட்டுவிடலாம் என்பது போல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு ஏறி இறங்கியது, அவசரமில்லாமல். அண்ணி கண்ணாடியருகே போய் நின்றார். பத்து நிமிஷம் ஆனது. கால் நடுங்குவது வெளியே தெரிந்தது.

அம்மா ஸ்டூலை அவர் பின்னால் வைத்தாள். அண்ணி திரும்பாமலே சொன்னார்.

"வேணாம் அத்தை. நிக்கறேன்."

அம்மா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடி வழியே குழந்தையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு முறை விழுங்கி, மூன்றாவது முறைதான் வந்தது.

"நில்லும்மா. உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ நில்லு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

அண்ணி கையைப் பின்னால் நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மூட்டுவலிக்காரி, ஸ்டூலில் தானே உட்கார்ந்துகொண்டாள்.